கர்மேல் மலைக் காடு

கர்மேல் என்னும் பெயரைக் கேளாத கிறிஸ்தவச் சிறார் நம் நாட்டில் இரார். எலியா தீர்க்கதரிசியின் சரிதையை ஓய்வுநாட் பள்ளியிற் பயிலாதார் யாவர்? யானும் பயின்றேன். எங்கள் ஆலயத்துச் சுவரில் தொங்கிய பழைய வண்ணப்படம் ஒன்றே என் உள்ளத்திற் கர்மேலை வரைந்தது. அப்படத்திற் புல்லுமில்லை, மரமுமில்லை. சாம்பல் நிறப் பாறை ஒன்று, அதன்மேற் பலிபீடம், பீடத்தின்மேல் வானினின்று இறங்கும் தீ, இருமருங்கும் மருண்டு நிற்கும் மாந்தர், அவ்வளவே. ஆகவே கர்மேல் என்பது ஒரு மொட்டைப் பாறை என்றே பல்லாண்டு எண்ணியிருந்தேன். 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில், என் பாட்டியாருக்குத் துணையாகத் திருநாட்டு யாத்திரைக் குழுவொன்றில் யானும் ஒருவனாய்ச் சென்று அம்மலையின்மீது ஏறியபொழுதுதான் அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பது விளங்கிற்று. கர்மேல் ஒரு காடு. அது காடாயிருத்தலை மறந்து படிப்போமாயின், வேதாகமத்தில் அம்மலையைப் பற்றிக் கூறுமிடங்களிற் பாதி நமக்குப் பொருள்படா. யான் கண்டவற்றையும் பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

முதற்கண் பெயரை நோக்குவாம். எபிரெய மொழியிற் கர்மேல் என்னும் சொல் மலைப்பெயராதலோடு, பழமரச் சோலை, செழுநிலம் என்னும் பொதுப்பொருளும் உடையது. திராட்சைத் தோட்டத்தைக் குறிக்கும் கெரெம் என்னும் சொல்லோடு இதனை இயைத்துக் காட்டுவர் மொழிநூலார். ஏசாயாவின் ஆகமம் 29ஆம் அதிகாரத்தில் இச்சொல் பொதுப்பெயராய் வருகின்றது. ஆண்டு நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைச் செழித்த வயல் என்னும் கருத்துப்படப் பெயர்த்தனர். குற்றம் கூறுவேனல்லேன், ஆனால் வயல் என்றவுடன் தமிழன் உள்ளத்தில் நெல்லும் நீரும் வந்து நிற்கும். கர்மேலில் நிற்பன மரங்கள்.

நம் செவிக்கு இப்பெயர் வேறொரு விருந்தும் அளிக்கின்றது. கத்தோலிக்கச் சகோதரர் இதனைக் கார்மேல் என நீட்டி வழங்குவர். கார் என்பது மேகம். ஆதலின் மேகம் தங்கும் மேலிடமே கார்மேல் என்று பொருள் விரித்து என் வகுப்பு நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். இஃது ஒலியொற்றுமையேயன்றிச் சொற்பிறப்பன்று. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறைதல் திண்ணம். ஆயினும் அந்நண்பர் வாய்தவறி ஓர் உண்மையையும் தொட்டுவிட்டார் என்பது பின்னர்ப் புலனாகும்.

இம்மலை இஸ்ரவேல் நாட்டின் வடமேற்கிலே மத்தியதரைக் கடலை அடுத்துக் கிடக்கின்றது. அதன் வடமேற்கு முனை கடலை நோக்கி ஒரு மூக்கைப்போல் நீண்டிருக்க, அம்மூக்கின் மேலும் கீழுமாக ஹைபா நகரம் படிந்திருக்கின்றது. அங்கிருந்து தென்கிழக்காக உள்நாடு நோக்கிச் செல்லும் தொடரின் மிகவுயர்ந்த இடம் 546 மீட்டர். பொதிகையைக் கண்டு வளர்ந்த நெல்லை நாட்டார்க்கு இஃது ஒரு குன்றேயாம். ஆயினும் கடற்கரையை விட்டுச் சிறிது தொலைவிலேயே திடுமென எழுதலின் உள்ளதினும் உயர்ந்து தோன்றும். மலையின் பெரும்பகுதியைத் தேசியப் பூங்காவாக அந்நாட்டரசினர் காத்து வருகின்றனர். பூங்கா என்பதைக் கேட்டு, பாத்தி கட்டி நீர் பாய்ச்சும் பூந்தோட்டம் என்று மயங்கற்க. ஊர்களும் சாலைகளும் இடையிடையே கிடக்க, மலைச்சரிவு முழுதும் பரந்த காவற்காடு அது. 1996ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அம்மலையை உயிர்க்கோளக் காப்பகங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

கடற்கரைச் சாலை வழியாக எங்கள் பேருந்து சென்றபொழுது, வலப்புறம் நீலக்கடல், இடப்புறம் மலை, மலைமேற் காடு. குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் ஒரே பலகணியில் அமைந்தாற்போல இருந்தது. திணைமயக்கம் என்பதை யாம் வகுப்பிற் பலகாற் படித்திருக்கின்றோம். கண்ணாற் கண்டது அன்றுதான். அம்மலையின் மேற்குச் சரிவிலே மனிதர் மிகப் பழங்காலத்தில் வாழ்ந்த குகைகள் உள. டோரதி காரட் என்னும் அம்மையார் 1929 முதல் 1934 வரை அவற்றை அகழ்ந்தாராய்ந்தார். அவரே 1939இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பேராசிரியரானவர். 2012இல் அக்குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் வைக்கப்பெற்றன. எங்கள் குழுவினர்க்கு அங்கு இறங்க நேரமில்லையாம். முதல்நாள் ஹைபாவிலும் இவ்வாறே. 1918ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மைசூர், ஜோத்பூர் குதிரைப் படையினர் இம்மலைமேலிருந்த பீரங்கிகளையும் எதிர்த்து அந்நகரைக் கைப்பற்றினர். அங்கே நம் நாட்டுப் போர்வீரரின் கல்லறைத் தோட்டமும் உண்டு. அதனையும் வண்டியிலிருந்தே கடந்து போனோம். யாத்திரை நடத்துவோர்க்குக் கடிகாரமே வேதம்.

ஆயினும் மலைமேல் ஏறுகையிற் கடிகாரம் எங்கள் பக்கம் நின்றது. பேத் ஓரேன் என்னும் குடியிருப்பை அடுத்த வளைவுகளிற் பேருந்தின் பொறி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. மாற்று வண்டி வர ஒன்றரை மணி நேரமாகும் என்றனர். குழுவினர் சிலர் சினந்தனர். சிலர் பாடல் பாடத் தொடங்கினர். எங்கள் சாரதி மலையுச்சியிலுள்ள தாலியத்தல் கர்மேல் என்னும் துரூசு மக்களின் ஊரைச் சேர்ந்தவர். ஆங்கிலம் நன்கு பேசுவார். வண்டியின் குறையைத் தம்மாற் களைய இயலாதென்று கண்டவுடன் கையைத் துடைத்துக்கொண்டு, நடக்க வல்லாரைக் காட்டினுள் அழைத்துச் சென்றார். எழுபத்திரண்டு வயதுடைய என் பாட்டியாரே முதலில் எழுந்தார்.

அக்காட்டின் மரங்கள் நம் மேற்குமலை மரங்களைப்போல் வானளாவ நிற்பனவல்ல. நிழலும் இருண்ட நிழலன்று. காலடியிற் சுண்ணாம்புப் பாறை பற்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாறை வெடிப்புகளினின்றே மரங்கள் எழுகின்றன. உயர்ந்து நிற்பவை அலெப்போ பைன் என்னும் ஊசியிலை மரங்கள். அவற்றின் கீழே, ஆளுயரமும் இருமடங்கு ஆளுயரமுமாகப் புதர்போல் அடர்ந்திருப்பது கர்வாலி. அப்சலோமின் தலை சிக்கிய மரத்துக்கு நம் வேதாகமத்தில் வழங்கும் பெயர் இதுவே. பெயரைப் படித்ததன்றி மரத்தைக் கண்டிலேன். அதன் இலை நம் பெருவிரல் நகத்தினும் சிறிதே பெரிது, விளிம்பெல்லாம் முள். ஆண்டு முழுதும் உதிராது பசுமையாயிருக்கும். இவற்றிடையே செம்மண் பூசினாற்போன்ற வழவழத்த தண்டுடைய அர்பூட்டஸ் மரமும், நம் பிரிஞ்சி இலைக்கு உறவான லாரல் மரமும் நின்றன. பாறையோரத்தில் மணமுள்ள ஒரு சிறு செடியைச் சாரதி கிள்ளித் தந்தார். அதனைத்தான் ஈசோப்பு என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். தாவீது தன்னைச் சுத்திகரிக்க வேண்டிய செடியை அவ்வூரார் எள்ளோடு பொடித்து அப்பத்தின்மேல் தூவி உண்கின்றனர்.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு மரம். பரந்த கிளைகளும் தடித்த இலைகளும் உடைய அதன் அடியிலே சென்ற ஆண்டுக் காய்கள் கறுத்துக் கிடந்தன. பாட்டியார் ஒன்றை எடுத்து, "ஏ ஐயா, இது நம் ஊர்ப் புளியம்பழம் அல்லவா?" என்றார். பார்வைக்கு அவ்வாறே இருந்தது. சாரதி சிரித்து, "கடித்துப் பாருங்கள், அம்மா, புளிக்காது" என்றார். பாட்டியார் அஞ்சாது கடித்தார். வெல்லத்தின் இனிப்பு, தோலோ மரச்சிராய் போன்றது. கரோப் என்னும் மரத்தின் காய் அது. லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில், கெட்டுப்போன குமாரன் பன்றிகளின் உணவால் வயிற்றை நிரப்ப விரும்பினான் என்னுமிடத்துக் கிரேக்க மூலத்தில் வருவது இக்காயின் பெயரே. நம் மொழிபெயர்ப்பாளர் தவிடு என்றனர். நம் நாட்டிற் பன்றிக்கு இடுவது தவிடாதலின் அவர் செய்தது தக்கதே. ஆயினும் தவிட்டைத் தின்ன விழைந்தான் என்பதற்கும், இனிக்கும் இக்காயைத் தின்ன விழைந்தும் அதுவும் கிடைக்கப்பெற்றிலன் என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பாட்டியார் இரண்டு காய்களைக் கைப்பையில் முடிந்துகொண்டார்.

சிறிது தொலைவு சென்றதும் காட்டின் தோற்றம் மாறிற்று. பெருமரங்கள் இல்லை. வெள்ளெலும்பு போன்ற பட்டமரங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றன; அவற்றைச் சூழ ஒரே வயதினவான பைன் இளமரங்கள் நெருங்கி வளர்ந்திருந்தன. யான் அதனைப் புதிதாக நட்ட தோப்பு என்று எண்ணினேன். "நட்டவர் ஒருவருமில்லை, இது தீக்குப் பின் முளைத்தது" என்றார் சாரதி. அதுகாறும் நகைமுகத்தோடு வந்தவர் அவ்விடத்திற் குரல் தாழ்ந்தார்.

2010ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் மழையின்றிக் கழிந்தது. அந்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை மழை பெய்தல் அரிது. அக்டோபரிலோ நவம்பரிலோ முதன்மழை வரவேண்டும். அவ்வாண்டு நவம்பர் மாதமும் வெயிலாகவே சென்றது. காட்டின் தரையிற் கிடந்த ஊசியிலைகள் வெடிமருந்துபோல் உலர்ந்தன. கடற்காற்று ஓய்ந்து, கீழ்த்திசையிலிருந்து பாலைநிலத்தின் வறண்ட காற்று வீசிற்று. டிசம்பர் 2ஆம் நாள் முற்பகலில் இஸ்பியா என்னும் ஊரின் அருகே தீ மூண்டது. மனிதர் கவனமின்மையே அதற்குக் காரணம் எனப்பட்டது. காற்றின் விசையாற் சில மணி நேரத்துள் அத்தீ மலைமுகட்டைத் தாண்டி மேற்குச் சரிவில் இறங்கிற்று. மலைமேலுள்ள சிறைச்சாலை ஒன்றிலிருந்து கைதிகளை அப்புறப்படுத்தும்பொருட்டு, சிறைத்துறையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளைஞர்களை ஏற்றிய பேருந்தொன்று இச்சாலையில் வந்துகொண்டிருந்தது. தீ சாலையைக் கடந்து அதனை வளைத்துக்கொண்டது. அப்பெருந்தீயில் இறந்தோர் 44 பேர். அவருட் பெரும்பாலார் அப்பேருந்தினர். அவர்களைக் காக்கச் சென்று உடன் மாண்டாருள் ஹைபா நகரக் காவல்துறைத் தலைவியும், தீயணைப்புப் படையில் தானே விரும்பித் தொண்டு செய்துவந்த பதினாறு வயது மாணவன் ஒருவனும் அடங்குவர். ஏறத்தாழ 17,000 மக்கள் வீடு விட்டு வெளியேறினர். பல நாடுகளிலிருந்து விமானங்கள் வந்து நீர் சொரிந்தன; பாலஸ்தீனத் தீயணைப்பு வீரரும் வந்து உதவினர். டிசம்பர் 5ஆம் நாளே தீ அடங்கிற்று.

இறந்தோர் பெயர்களைப் பொறித்த நினைவிடம் அச்சாலையோரத்திலேயே இருக்கின்றது. சாரதி எங்களை அங்கு அழைத்துச் சென்றார். எங்கள் குழுவிற் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தினர். எபிரெய எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் யான் சிறிது கற்றிருந்தேன். நான்கைந்து பெயர்களைப் படித்தேன். அதற்கு மேற் படிக்க மனம் வரவில்லை. அப்பதினாறு வயது மாணவன் அன்று உயிரோடிருந்தால் என்னைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவனாய் இருந்திருப்பான் என்று மட்டும் கணக்கிட்டேன்.

எரிந்த காடு மீண்ட வரலாறு கேட்கத்தக்கது. பைன் மரமும் கர்வாலியும் தீயை எதிர்கொள்ளும் முறை வேறுவேறு. பைன் தீயில் இறந்தே போகும்; அதற்கு மறுதளிர்ப்பு இல்லை. ஆனால் அதன் கூம்புக்காய்களிற் பல, அரக்கினால் ஒட்டப்பட்டு ஆண்டுக்கணக்காக மூடியே மரத்திலிருக்கும். தீயின் வெப்பத்தில் அவ்வரக்கு உருக, காய் விரிந்து, விதைகள் சாம்பலின்மேல் உதிரும். அடுத்த மழையில் அவை ஆயிரக்கணக்கில் முளைக்கும். கர்வாலியோ மேலெல்லாம் கரிந்தாலும் வேர்க்கட்டை உயிரோடிருந்து, சின்னாளிற் பக்கத்தளிர் விடும். தாய் மாய்ந்து மக்கள் தழைப்பது ஒன்று. தானே மீண்டும் எழுவது ஒன்று. ஆகவே காட்டுத் துறையினர் கன்றுகளை நட்டு நிரப்பாது, காடு தானே மீளும்படி விட்டு, மிக நெருங்கி முளைத்த பைன் நாற்றுகளைக் களைந்தும், ஊர்களைச் சூழ மரமற்ற இடைவெளி அமைத்தும் வருகின்றனர்.

ஆடுகளின் கதையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். 1950ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. கருவெள்ளாடுகள் காட்டை அழிக்கின்றன என்று கருதி அவற்றின் மேய்ச்சலை அது மிகவும் கட்டுப்படுத்திற்று. ஆட்டு மந்தைகள் குறைந்தன. மேய்ச்சலையே நம்பியிருந்த அரபுக் குடியானவர் பலர் வாழ்வும் தளர்ந்தது. ஆடு போனபின் காட்டின் அடிப்புதர் தடையின்றி மண்டிற்று. மண்டிய புதரே தீக்கு உணவு. பெருந்தீக்கள் கண்டபின்னரே, ஆடு மேய்ந்த காட்டில் தீ விரைந்து பரவாது என்னும் எளிய உண்மை மன்றமேறிற்று. 2018இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. எங்கள் சாரதியின் பாட்டனார் ஆடு வைத்திருந்தவராம். "அரசினர் அறுபத்தெட்டு ஆண்டு கழித்து என் பாட்டனாரிடம் பாடம் கற்றனர்" என்றார். அதிற் கசப்பும் இருந்தது, பெருமையும் இருந்தது. எம் சிற்றூரிலும் ஆட்டைக் காட்டின் பகையென்று மட்டுமே பேசக் கேட்டு வளர்ந்தவன் யான். ஆகவே இதனைக் குறிப்பேட்டில் இருமுறை கோடிட்டு எழுதினேன்.

மாற்று வண்டி வந்தது. மலைமுகட்டைக் கடந்து, தென்கிழக்குக் கோடியிலுள்ள முக்ராக்கா என்னும் இடத்தை அடைந்தோம். எலியா பலிபீடம் கட்டிய இடம் இதுவென்பது பரம்பரைக் கொள்கை. கர்மேல் சபைத் துறவியர் 19ஆம் நூற்றாண்டிற் கட்டிய சிறு மடமொன்று அங்கு உள்ளது. முற்றத்தில் வாளோங்கிய எலியாவின் சிலை. உள்ளே பன்னிரண்டு கற்களால் அமைந்த பீடம். அரபு மொழியில் முக்ராக்கா என்னும் பெயருக்கு எரிந்த இடம் என்பது பொருள். காலையிற் கண்டது என் நினைவை விட்டகலாமையால், அப்பொருளைக் கேட்டதும் சற்றே திகைத்தேன்.

சிறு கட்டணம் செலுத்தி மடத்தின் மேற்றளத்தில் ஏறலாம். கிழக்கே யெஸ்ரயேல் சமவெளி, கம்பளம் விரித்தாற்போற் பலநிற வயல்கள். அடிவாரத்திற் கீசோன் ஆறு. தொலைவிலே தாபோர் மலை. மேற்கே திரும்பினால் காடு; காட்டின் கடைசியில் ஒரு நீலக்கோடு; அதுதான் கடல். இத்தளத்தில் நின்று இராஜாக்கள் முதலாம் புத்தகம் 18ஆம் அதிகாரத்தை நினைத்தல் வேண்டும். சிறுவயதில் யாம் அதனைத் தீயின் கதையாகவே கேட்டோம். உண்மையில் அது மழையின் கதை. மூன்றாம் ஆண்டாக மழையில்லை. தீ இறங்கியபின் கதை முடியவில்லை. எலியா தரையிற் பணிந்து, வேலைக்காரனைக் கடல் நோக்கும்படி ஏழுமுறை அனுப்புகின்றார். ஏன் கடல்? அந்நாட்டின் மழை முழுதும் மேற்குக் கடலிலிருந்தே வருவது. மேற்கே மேகம் எழக் கண்டால் மழை வரும் என்று மக்கள் கூறும் வழக்கத்தை நம் ஆண்டவரும் எடுத்துக்காட்டியிருக்கின்றார். குளிர்காலத்திற் கடல்நீராவியைச் சுமந்து வரும் காற்றை இம்மலை முதலிற் சந்தித்து மேலே எழுப்புகின்றது. எழுந்த காற்றுக் குளிர்ந்து மழையாகின்றது. கோடையில் மழையில்லாவிடினும் கடலின் ஈரம் இரவிற் பனியாக இலைகளில் இறங்குகின்றது. பனியும் மழையும் பெய்யாது என்று எலியா ஆகாபிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னதன் நுட்பம் அங்கு நின்றபொழுதே எனக்கு விளங்கிற்று. பனியும் நின்றுவிட்டால் கர்மேலுக்குக் கோடையில் வேறு துணையில்லை. கார்மேல் என்று பொருள் கூறிய என் நண்பர் இவ்விடத்தில் மட்டும் வென்றார்.

இனி, ஆமோஸும் ஏசாயாவும் நாகூமும் நாட்டின் அழிவைக் கூறப் புகுந்து, கர்மேல் வாடிற்று என்று கூறுதலின் ஆற்றலையும் உணரலாம். கர்மேல் மொட்டைப் பாறையாயின் அதற்கு வாட என்ன இருக்கின்றது? கடலருகே, ஈரத்தை முதலிற் பெறும், என்றும் பசிய மலை அது. அதுவே வாடுமாயின் உள்நாட்டின் நிலை கேட்க வேண்டுவதில்லை. குற்றாலம் வறண்டது என்று நெல்லையார் ஒருவர் சொன்னால் அதற்குமேல் வறட்சியை விளக்க வேண்டுமோ? எரேமியா தமது 46ஆம் அதிகாரத்திற் கடலருகே நிற்கும் கர்மேலைக் குறிப்பதும், உன்னதப்பாட்டின் 7ஆம் அதிகாரத்தில் தலைவியின் தலைக்கு இம்மலை உவமையாவதும் இப்பசுமை பற்றியே எனல் தகும். அடர்ந்த கூந்தலுக்கு அடர்ந்த காடு உவமை; இதனை நம் அகப்பொருட் புலவர் கேட்டால் உடனே ஒப்புவர்.

இவ்வாறெல்லாம் காற்றும் கடலும் கொண்டு விளக்கினால் அற்புதம் குறைந்துவிடாதோ என்று குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் ஐயுற்றார். யான் விடை தேடிக்கொண்டிருக்கையில் பாட்டியார், "மழை கடலிலிருந்துதான் வருமென்று எலியாவுக்குத் தெரிந்ததனால்தானே ஐயா, ஆளைக் கடல் பக்கம் அனுப்பினார்?" என்றார். பெரியவர் மேலே ஒன்றும் கேட்டிலர்.

அன்று வானில் ஒரு மேகமும் இல்லை; மே மாதத்தில் இருத்தற்கும் இல்லை. பாட்டியார் கையை நெற்றியில் வைத்து, மேற்கே அந்நீலக்கோட்டை நெடுநேரம் நோக்கி நின்றார். கீழே வழிகாட்டி கைதட்டி அழைத்தார், அரைமணி முடிந்ததாம். இறங்குகையில், சிலையருகே உலர்ந்த புல்லின்மேல் யாரோ எரியும் சிகரெட்டுத் துண்டொன்றை எறிந்து போயிருந்தார். எங்கள் சாரதி அதனைக் காலால் தேய்த்து அணைத்தார். பின் குனிந்து, துண்டையும் எடுத்துத் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

கைப்பையில் வந்த கரோப் காய்கள் இரண்டனுள் ஒன்றை எறும்பு தின்றது. மற்றொன்று எங்கள் ஆலயத்து ஓய்வுநாட் பள்ளி அலமாரியில் இருக்கின்றது. லூக்கா 15 வரும் ஞாயிறுகளிற் பாட்டியார் அதனை எடுத்துக் காட்டுவார். பிள்ளைகள் அனைவரும் புளி, புளி என்றே கூவுவர்.